சென்னையில் இந்தோனேசியத் திரைப்பட விழா நடத்துவது எப்படி

வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை இரவு முடியும் மூன்று நாள், ஒரே அரங்கு, ஏழு படங்கள். முதல் முறையாக இந்தோனேசியத் திரைப்பட விழா நடத்த நினைக்கும் திரைப்படச் சங்கமோ கல்லூரித் துறையோ இந்த அளவைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஏழு படம் என்றாலே ஏழு உரிமையாளர்கள், ஏழு கோப்புகள், ஏழு சப்டைட்டில்கள் என்று வேலை பெருகிவிடும். மெல்பர்னில் நடக்கும் இந்தோனேசியத் திரைப்பட விழாவை அங்கே படிக்கப் போன இந்தோனேசிய மாணவர்கள்தான் தொடங்கினார்கள் என்பதால், பின்னால் பெரிய நிறுவனம் இருந்தால்தான் முடியும் என்று தயங்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களுக்கு அந்த மொழி தாய்மொழி, நமக்கு அப்படியில்லை. கீழே சப்டைட்டிலுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக இடம் ஒதுக்கியிருப்பதற்குக் காரணம் அதுதான்.

முதலில் தேதி. சென்னையில் டிசம்பர் மாதம் சபாக் கச்சேரிகளுக்கும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவுக்கும் உரியது. அதற்கு முந்தைய இரண்டு மாதமும் மழைக்குரியவை. மார்ச்சில் பொதுத்தேர்வும் ஐ.பி.எல்.லும் வந்துவிடும். மார்ச் 30 இந்தோனேசியாவின் தேசியத் திரைப்பட நாள். 1950இல் அந்தத் தேதியில்தான் இயக்குநர் உஸ்மர் இஸ்மாயில் தம் ‘டாரஹ் டான் டோவா’ படத்தின் படப்பிடிப்பைத் தொடங்கினார். பொருத்தமான நாள்தான் என்றாலும், அண்மை ஆண்டுகளில் நோன்பு மாதமும் அதை அடுத்து வரும் லெபாரான் விடுமுறையும் பிப்ரவரி, மார்ச்சை ஒட்டியே விழுவதால், அந்த வாரங்களில் ஜகார்த்தாவிலிருந்து விருந்தினர் வருவதும் கடினம், மின்னஞ்சலுக்குப் பதில் வருவதும் கடினம். நான் பரிந்துரைப்பது ஆகஸ்ட் மாதம். நம் சுதந்திர நாளுக்கு இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 17 அவர்களுடையது. அந்த நாளிலேயே வைத்தால் தூதரக அதிகாரிகள் கொடியேற்றத்திலும் வரவேற்புகளிலும் மூழ்கியிருப்பார்கள். அடுத்த வார இறுதியில் வைத்தால் மகிழ்ச்சியோடு வருவார்கள்.

படங்களைத் தேர்ந்தெடுத்தல்

நம் ஊரில் இந்தோனேசிய சினிமா என்றால் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது 2011இல் வந்த ‘தி ரெய்டு’ ஒன்றுதான். அது நல்ல சண்டைப்படம், நாயகன் இக்கோ உவைஸின் பென்சாக் சிலாட் என்ற தற்காப்புக் கலை அடவுகள் அபாரமானவை. ஆனால் அதைப் பார்க்க விரும்பியவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். விழாவின் இடத்தை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

தொடக்கப் படமாக உஸ்மர் இஸ்மாயிலின் ‘தீகா டாரா’வை வையுங்கள். கல்யாணமாகாத மூன்று பேத்திகளும், மூத்தவளுக்கு வரன் அமையவில்லையே என்று கவலைப்படும் பாட்டியும், நிறையப் பாட்டும் கொண்ட 1950களின் கறுப்பு வெள்ளைப் படம் அது. 4கே தரத்தில் மீட்டெடுக்கப்பட்டு 2016இல் அந்நாட்டுத் திரையரங்குகளில் மறுபடியும் வெளியானது. மயிலாப்பூரில் எந்த வீட்டுக்கூடத்திலும் நடக்கக்கூடிய கதை என்பதால் அறிமுகம் தேவைப்படாது. இதன் பின்னணியில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த ஆண்டுகளில் இந்தியப் படங்கள் இந்தோனேசியத் திரையரங்குகளில் அமோகமாக ஓடி உள்ளூர்த் தயாரிப்பாளர்களைத் திணறடித்தன. கலைப்படம் எடுத்துக் கடனில் சிக்கியிருந்த உஸ்மர் இஸ்மாயில் தம் பெர்ஃபினி நிறுவனத்தைக் காப்பாற்றுவதற்காகவே பாட்டும் சிரிப்பும் நிறைந்த படத்துக்கு வந்தார். அறிமுகக் குறிப்பில் இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டால், அரங்கில் இருப்பவர்கள் படத்தை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

சனிக்கிழமை காலை குழந்தைகளுக்கும் ஏற்றதாக, பெலிதோங் தீவின் ஏழைப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பற்றிய ரிரி ரிசாவின் ‘லஸ்கர் பெலாங்கி’ (2008). பிற்பகலில் அதே உஸ்மர் இஸ்மாயிலின் ‘லெவாத் ஜாம் மாலம்’ (1954). விடுதலைப் போரில் ஆயுதம் ஏந்திய ஒருவன் ஊரடங்கு நிலவும் பாண்டுங் நகருக்குத் திரும்பி, எந்த வேலையிலும் எந்த வீட்டிலும் ஒட்ட முடியாமல் தவிப்பதைச் சொல்லும் இந்தப் படம் மீட்டெடுக்கப்பட்டு 2012இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. மாலையில் ஜோக்கோ அன்வரின் பேய்ப்படம் ‘பெங்கப்தி செத்தான்’ (2017). கலைப்பட விழாவில் பேய்ப்படமா என்று குழுவில் ஒருவராவது கேட்பார். இந்தோனேசியாவின் வெகுமக்கள் சினிமாவைப் பேயை ஒதுக்கிவிட்டு அறிமுகப்படுத்துவது, பாட்டை ஒதுக்கிவிட்டுத் தமிழ் சினிமாவை அறிமுகப்படுத்துவது போன்றதுதான். தவிர, அரங்கு நிரம்பப் போவதும் அந்தக் காட்சிக்குத்தான்.

ஞாயிறு காலை கமிலா அன்டினியின் ‘யூனி’ (2021). இரண்டு முறை பெண் கேட்டு வந்தவர்களை மறுத்துவிட்டால் பிறகு கல்யாணமே நடக்காது என்ற நம்பிக்கைக்கும் மேற்படிப்பு ஆசைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பள்ளி மாணவியின் கதை. டொரன்டோ விழாவில் பிளாட்ஃபார்ம் பரிசு பெற்றது. பிற்பகலில் கரின் நுக்ரோஹோவின் ‘ஓபரா ஜாவா’ (2006). இது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

மொசார்ட்டின் 250ஆம் பிறந்த ஆண்டையொட்டி வியன்னாவில் நடந்த விழாவுக்காக எடுக்கப்பட்ட இந்தப் படம், சீதை கவரப்படும் பகுதியை இன்றைய ஜாவா கிராமம் ஒன்றில் வைக்கிறது. செத்யோ, சித்தி என்ற கணவனும் மனைவியும் முன்னாள் நடனக் கலைஞர்கள், இப்போது பானை வனைந்து பிழைப்பவர்கள். லூடிரோ ஊரை ஆட்டிவைக்கும் வணிகன். முழுப் படமும் ரஹாயு சுபங்காவின் கமலான் இசையில் பாடலாகவே நகர்கிறது. கம்பனைக் கேட்டு வளர்ந்த சென்னைப் பார்வையாளருக்கு இந்த ஏழில் மிக நெருக்கமானதும் இதுதான், அதிகம் சண்டை மூட்டக்கூடியதும் இதுதான். இந்தச் சீதைக்கு ஊசலாட்டம் உண்டு. இந்த இராமனுக்குச் சந்தேகமும் கோபமும் உண்டு. படம் முடிந்ததும் கலந்துரையாடலுக்கு முக்கால் மணி நேரமாவது ஒதுக்கி வையுங்கள், ஒலிபெருக்கியை ஒருவரே பிடித்துக்கொள்ளாதபடி உறுதியான ஒருவரை நடத்துநராக அமர்த்துங்கள்.

நிறைவுப் படம் மௌலி சூர்யாவின் ‘மர்லினா’ (2017). சுவரொட்டியில் பெயரைப் பார்க்கிறவர்கள் நம் ஊர் நடிகர்கள் இருவர் சேர்ந்து எடுத்த படம் என்று நினைக்கக்கூடும். இயக்குநர் ஒரு பெண் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். சும்பா தீவின் புல்வெளியில் தனித்து வாழும் கைம்பெண் ஒருத்தி, தன்னைச் சூறையாட வந்தவர்களில் ஒருவனின் தலையை வெட்டி எடுத்துக்கொண்டு நீதி கேட்டுப் புறப்படுகிறாள். வீட்டு மூலையில் துணியால் போர்த்தி உட்காரவைக்கப்பட்டிருப்பது அவளுடைய கணவனின் உடல். இறுதிச் சடங்குக்குப் பொருள் சேரும்வரை உடலை வீட்டிலேயே வைத்திருக்கும் சும்பா வழக்கத்தை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பாதிப் பேர் முதல் கால் மணி நேரமும் அது என்ன என்று பக்கத்து இருக்கையைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கம்யூனிஸ்டுகள் என்று குற்றம் சாட்டிப் பெருந்திரளானோரை இந்தோனேசியாவில் கொன்ற 1965–66 படுகொலைகளைப் பற்றிய படங்களும் இருக்கின்றன. 2012இல் வந்த ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’ ஆவணப்படத்தில் பணியாற்றிய இந்தோனேசியர்கள் பலர் பெயர் வெளியிடாமலேயே இருந்தார்கள் என்பதிலிருந்து அந்தப் பொருளின் கனம் விளங்கும். அத்தகைய படம் வேண்டுமென்று முடிவு செய்தால், தூதரகத்தின் ஒத்துழைப்பைக் கேட்பதற்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அச்சான அழைப்பிதழில் அவர்களே பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடுவது மரியாதையாகாது.

உரிமையும் அனுமதியும்

ஓடிடியில் கிடைக்கும் படத்தைச் சந்தா கட்டியவர் அரங்கில் போட்டுக் காட்டலாம் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் தயாரிப்பு நிறுவனத்திடமோ, வெளிநாட்டு உரிமையை வைத்திருக்கும் விற்பனை முகவரிடமோ எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். குறைந்தது நான்கு மாதம் முன்னதாக எழுதுங்கள். அரங்கின் இருக்கை எண்ணிக்கை, எத்தனை காட்சி, நுழைவுக் கட்டணம் உண்டா இல்லையா, யார் நடத்துகிறார்கள் என்ற நான்கையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டால் திரையிடல் கட்டணம் குறைய வாய்ப்புண்டு. இந்தோனேசியர்களில் பலருக்கு ஒரே பெயர்தான். இயக்குநர் எட்வின் அப்படிப்பட்டவர். குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டு எழுத வேண்டாம். பழைய படங்களுக்கு, 1975இல் மிஸ்பாக் யூசா பிரான் ஜகார்த்தாவில் நிறுவிய சினமாதெக் இந்தோனேசியா காப்பகத்தை நாடலாம். தூதரகம் டெல்லியிலும் துணைத் தூதரகம் மும்பையிலும் இருக்கின்றன. சில சமயம் கட்டணத்தைவிட அவர்கள் எழுதித் தரும் ஒரு கடிதம் அதிகமாக உதவும்.

கட்டணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வரிப் பிடித்தம், வங்கிப் படிவம், ஆடிட்டர் சான்று என்று சில வாரங்கள் ஓடிவிடும். ஆடிட்டரை முதல் மாதத்திலேயே பாருங்கள்.

தணிக்கைச் சான்று பெறாத படத்தைப் பொதுமக்களுக்குத் திரையிட 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம் இடம் தராது. ஆனால் வணிக நோக்கமற்ற திரைப்பட விழாக்களுக்கு மத்திய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்கு அளிக்கிறது. படப் பட்டியலையும் கதைச்சுருக்கங்களையும், படங்களை முன்கூட்டியே பார்த்த குழுவின் பரிந்துரையையும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். அரங்குக்குள் வருகிறவர்கள் பதிவு செய்துகொண்ட பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். வாசலில் சீட்டுக் கிழித்து யாரையும் அனுப்பக் கூடாது. பட்டியலில் ஒரு படம் மாறினாலும் மறுபடியும் தெரிவிக்க வேண்டியிருப்பதால், உரிமை கையில் வந்த பிறகே விண்ணப்பத்தை அனுப்புங்கள்.

தமிழில் சப்டைட்டில்

ஆங்கில சப்டைட்டிலோடுதான் கோப்பு வரும். அதையே போட்டுவிட்டால் வேலை மிச்சம். அல்லது அந்த ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிவிடலாம் என்று தோன்றும். இரண்டும் வேண்டாம். ஆங்கிலம் கடந்து வரும்போது உதிர்ந்துபோகும் பலவும் தமிழில் அப்படியே இருப்பவை.

இந்தோனேசிய மொழியில் ‘கித்தா’ என்றால் நாம், ‘காமி’ என்றால் நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். கேட்பவரைச் சேர்த்துச் சொன்னாரா விட்டுச் சொன்னாரா என்பதில்தான் சில காட்சிகளின் உயிரே இருக்கும். ஆங்கில வரியை வைத்து மொழிபெயர்ப்பவர் அதைக் குருட்டாம்போக்கில் ஊகிக்க வேண்டியதுதான். விளிச்சொற்களும் அப்படியே. ‘பாக்’, ‘பு’, ‘காக்காக்’, ‘ஆடிக்’ ஆகியவற்றுக்கு நம்மிடம் ஐயா, அம்மா, அண்ணன் அல்லது அக்கா, தம்பி அல்லது தங்கை என்று நேர்ச் சொற்கள் இருக்கின்றன. ஜாவா மொழியில் அண்ணனை ‘மாஸ்’ என்பார்கள். நம் அரங்கில் அந்தச் சொல் முதல் முறை காதில் விழும்போது விசில் பறக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டு அம்மாளிடம் விடைபெறும் பிள்ளைகள் ‘பு, காமி பூலாங் டுலு’ என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘அம்மா, நாங்கள் முதலில் வீட்டுக்குப் போகிறோம்’. ஆங்கிலம் வழியாக வந்த வரைவில் இது ‘மேடம், நாங்கள் இப்போது கிளம்புகிறோம்’ என்று இருந்தது. இங்கே ‘டுலு’ என்பது வரிசை எண்ணைக் குறிக்கவில்லை. பிரிவின் முரட்டுத்தனத்தைக் குறைக்கும் சொல் அது. தமிழில் யாரும் விடைபெறும்போது வெறுமனே ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை அல்லவா? ஆகவே கடைசியில் திரையில் போனது ‘அம்மா, நாங்க போயிட்டு வர்றோம்’. எழுத்தும் குறைவு, பொருளும் முழுசு.

சில இடங்களில் இதற்கு நேர்மாறாக, தமிழ் அதிகமாகச் சொல்லிவிடும். ‘டியா’ என்ற ஒரே சொல் அவன், அவள், அவர் மூன்றுக்கும் பொது. பேய்ப்படத்தில் ‘டியா’ வருகிறது என்று ஒருவர் நடுங்கினால், வருவது ஆணா பெண்ணா என்று இயக்குநர் மறைத்துவைத்ததை நாம் உடைத்துவிடக் கூடாது. வினைமுற்றைத் தவிர்த்து, ‘அங்கே யாரோ’ என்பது போல் எழுதித் தப்பிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளரை எங்கே தேடுவது? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்த தமிழர்கள் நம் ஊரில் கிடைப்பார்கள், மலாயும் இந்தோனேசிய மொழியும் நெருங்கிய உறவு என்பதால் ஒப்புக்கொள்வார்கள். வேலையைத் தரலாம், ஆனால் இந்தோனேசியாவில் வாழ்ந்த ஒருவர் சரிபார்த்தாக வேண்டும். ‘பெர்ச்சுமா’ என்றால் மலாயில் இலவசம், இந்தோனேசியாவில் வீண். ‘பூடாக்’ மலாயில் சிறுபிள்ளை, அங்கே அடிமை. ‘கெரேத்தா’ மலாயில் கார், இந்தோனேசியாவில் ரயில், சுமத்ராவின் மேடான் நகரத்தில் மோட்டார் சைக்கிள். மேடானிலிருந்து வந்த தமிழர் ஒருவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: எழுநூறுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாடு அது. ‘ஓபரா ஜாவா’ ஜாவா மொழியில் இருக்கிறது, ‘யூனி’யில் செராங் வட்டார ஜாவா வழக்கு வருகிறது. அந்தப் படங்களுக்கு இந்தோனேசிய மொழிபெயர்ப்பு வசனத்தாளைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

வரிகளைப் பொறுத்தவரை, ஒரு முறைக்கு இரண்டு வரி, ஒரு வரிக்கு ஏறக்குறைய முப்பது எழுத்து, திரையில் குறைந்தது ஒரு வினாடி, அதிகம் போனால் ஆறு வினாடி. தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் ஆங்கிலத்துக்கு வகுத்த அளவு நமக்குப் பொருந்தாது. ஏஜிசப், சப்டைட்டில் எடிட் என்ற இரண்டு இலவச மென்பொருள்களில் எது பழகியிருக்கிறதோ அதில் செய்யலாம்.

கோப்பும் சாவியும்

திரையரங்குக்கு வரும் படம் டிசிபி என்ற வடிவில் இருக்கும். தமிழ் எழுத்தை அதில் வெறும் உரையாகச் சேர்த்தால், பல திரையரங்கு சர்வர்களில் ஒற்றைக்கொம்பும் காலும் எழுத்தோடு ஒட்டாமல் ‘கொ’ உடைந்து தெரியும். ஒரு வரி அப்படி வந்தாலே அரங்கு சிரித்துவிடும். ஆகவே ஒவ்வொரு வரியையும் படமாக மாற்றிச் சேர்ப்பதோ, காட்சியின் மேலேயே பதித்துவிடுவதோ பாதுகாப்பானது. டிசிபி-ஓ-மேடிக் என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம். பூட்டிய டிசிபி என்றால் உரிமையாளரின் உதவியில்லாமல் நாம் எதையும் சேர்க்க முடியாது. அப்போது திரைக்குக் கீழே கறுப்புத் துணி கட்டி, இரண்டாவது புரொஜெக்டரில் தமிழ் வரிகளை மட்டும் ஒருவர் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். அவருக்குப் படம் மனப்பாடமாக இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு முறை ஒத்திகை பாருங்கள்.

பூட்டைத் திறப்பது கேடிஎம் என்ற சாவிக் கோப்பு. அது ஒரு குறிப்பிட்ட சர்வருக்கு, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டுமே செல்லும். எங்கள் முதல் விழாவில் வெள்ளி மாலை 6.30 மணிக் காட்சிக்கு, சாவி 18.00 மணியிலிருந்து செல்லுபடியாக வேண்டும் என்று நான்தான் எழுதினேன். எந்த ஊர் நேரம் என்று எழுதவில்லை. சாவியை உருவாக்கியவர்கள் அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொண்டார்கள். அதாவது நம் ஊரில் இரவு 11.30. ஆபரேட்டர் திரையைக் காட்டி, “சார், இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கு” என்றபோது அரங்கில் இருக்கை நிறைந்திருந்தது. ஜகார்த்தாவில் அப்போது இரவு எட்டு. நல்லவேளையாக ஒருவர் அலுவலகத்தில் இருந்தார்; புதிய சாவி வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று, அதுவரை மடிக்கணினியிலிருந்த குறும்படங்களை ஓட்டினோம். இப்போதெல்லாம் முதல் காட்சிக்கு ஒரு நாள் முன்னதாகவே சாவி திறக்கும்படி கேட்டு, முந்தைய இரவே முழு அரங்கிலும் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிடுகிறோம். சர்வருக்குள் படத்தை ஏற்றவே வெகுநேரம் பிடிக்கும் என்பதால் ஹார்ட் டிஸ்க் இரண்டு நாள் முன்பே அரங்கில் இருக்க வேண்டும்.

அரங்கில்

ஆழ்வார்ப்பேட்டை ரஷ்யப் பண்பாட்டு மையம், நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையின் அலியான்ஸ் பிரான்சேஸ், ராஜா அண்ணாமலைபுரத்தின் தாகூர் திரைப்பட மையம் ஆகியவை உலக சினிமா ரசிகர்களுக்குப் பழகிய இடங்கள். வாடகையைக் கேட்பதற்கு முன் டிசிபி ஓட்டும் கருவி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் ப்ளூரே வட்டுக்கோ புரோரெஸ் என்ற உயர்தர வீடியோக் கோப்புக்கோ தயாரிப்பாளரின் சம்மதம் தனியாக வேண்டும்.

தொடக்க விழாப் பேச்சாளரிடம் ஒரு வேண்டுகோள் வைத்துவிடுங்கள். மேடை ஏறியதும் இராசேந்திரன் கடாரம் கொண்ட கதையைத் தொடங்குவது நம் வழக்கம். முன் வரிசையில் அமர்ந்திருப்பது அந்தப் படையெடுப்பில் தாக்கப்பட்ட சுமத்ராப் பேரரசான ஸ்ரீவிஜயத்தின் வழிவந்தவர்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் உங்கள் துறைமுகத்தைச் சூறையாடினோம் என்று விருந்தினரிடம் பெருமையாகச் சொல்வது அவ்வளவு அழகல்ல. பழைய உறவைச் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், சுமத்ராவின் பாருஸில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ் வணிகர் கல்வெட்டைச் சொல்லலாம், மேடான் நகரில் இன்றும் கம்போங் மெட்ராஸ் என்று ஒரு பகுதி இருப்பதைச் சொல்லலாம். கப்பலும் பெட்டியும் கடையும் ‘காப்பல்’, ‘பெத்தி’, ‘கெடை’ என்று அவர்கள் பேச்சில் புழங்குவதைச் சொன்னால், பார்வையாளர்கள் படம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். எதுவானாலும் ஐந்து நிமிடம்.

இயக்குநரோடு இணையவழி உரையாடல் வைப்பதானால் பிற்பகல் காட்சிக்குப் பிறகு வையுங்கள். ஜகார்த்தா நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே இரவு ஒன்பதரைக்குப் படம் முடிந்தால் அங்கே பதினொன்று. ‘மர்லினா’வையும் ‘பெங்கப்தி செத்தா’னையும் வயது வந்தோருக்கு மட்டும் என்று நிகழ்ச்சி நிரலிலேயே அச்சிட்டுவிட்டு, வாசலில் கண்டிப்பாக நடந்துகொள்ளுங்கள்.

விழா முடிந்த வாரத்திலேயே சர்வரிலிருந்து படங்களை அழித்து, அழித்ததற்கான உறுதிக் கடிதத்தோடு ஹார்ட் டிஸ்க்குகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கையும் உரிமையாளருக்கு எழுதுங்கள், குறைவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். அதோடு, நீங்கள் செய்த தமிழ் சப்டைட்டில் கோப்பின் ஒரு பிரதியையும் இணைத்து அனுப்பிவிடுங்கள். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ யாராவது அதே படத்தைக் கேட்கும்போது அவர்களால் அதைக் கொடுக்க முடியும்.